பாயசத்தில் அப்பளம் நொறுக்குவது ருசியா, வெறும் பழக்கமா?

இலைமுனை | 2 செப்டம்பர், மாலை 6:12

கன்னியாகுமரிப் பக்கம் கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையிலேயே ஊற்றுகிறார்கள். அதில் வாழைப்பழத்தைப் பிசைந்து, அப்பளத்தையும் நொறுக்கிப் போட்டு அள்ளிச் சாப்பிடுகிறார்கள். வெல்லமும் நெய்யும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய பண்டத்தில், எண்ணெயில் பொரித்த உளுந்து அப்பளத்தைப் போட்டுக் கெடுப்பானேன்?

என் கட்சி இதுதான்: இது ருசியே இல்லை, சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அல்வாவுக்கு மிக்சர், அடைக்கு வெல்லம், தயிர்சாதத்துக்கு மாம்பழம் எல்லாமே அந்தக் கணக்குதான். ருசி என்று சொல்கிறவர்கள் அளவும் பக்குவமும் சொல்லுங்கள். "எங்க ஊர்ப் பெருமை" பாட்டு வேண்டாம்.

நாஞ்சில் அடுப்படி | 2 செப்டம்பர், இரவு 8:40

எந்தப் பாயசம், எந்த அப்பளம் என்று சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்த ஜோடி வெல்லம், தேங்காய்ப்பால் சேர்ந்த பிரதமனுக்கு மட்டும்தான். சிறுபருப்புப் பிரதமன், அடைப் பிரதமன் (அரிசி மாவில் அவித்த அடைத் துண்டு போட்டது), சக்கைப் பிரதமன் (பலாப்பழம் போட்டது) மூன்றுக்கும் பொருந்தும். சர்க்கரை போட்ட பால் பாயசத்துக்குப் பொருந்தாது. அதற்கு மஞ்சள் போளி உண்டு. திருவனந்தபுரம் வரை அதுதான் வழக்கம். போளியைப் பிய்த்துப் போட்டு மேலே பால் பாயசம் விடுவார்கள்.

அப்பளம் என்று நீங்கள் நினைப்பது பெரிய, தடித்த அப்பளமாக இருக்கும். இங்கே போடுவது உள்ளங்கை அகலப் பப்படம். மெல்லிசு, எண்ணெயில் போட்டதும் பூரி மாதிரி உப்பும். தடித்த அப்பளம் பிரதமனில் ஊறினால் தோல் மாதிரி இழுக்கும். நீங்கள் சொன்ன கெடுதல் அங்கேதான் நடக்கிறது.

அளவு: ஒரு நடுத்தரக் கரண்டி (சுமார் 100 மில்லி) பிரதமனுக்கு ஒரு பப்படம், ஒரு சின்னப் பழம். மட்டிப்பழம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டான். பச்சை நாடாப்பழம் வேண்டாம், மணம் மோதும்.

வரிசையும் முக்கியம். முதலில் பழத்தைப் பிரதமனோடு பிசைய வேண்டும். பப்படத்தை மேலே நொறுக்கித் தூவி, பிசையாமல் அள்ள வேண்டும். ஒரு நிமிஷம் போனால் மொறுமொறுப்பு போய்விடும். அதனால் மொத்தத்தையும் ஒரேயடியாக நொறுக்காமல் பாதிப் பாதியாகப் போடுவார்கள்.

உப்புமூட்டை | 2 செப்டம்பர், இரவு 9:05

ஒரு நிமிஷக் கெடு வைத்துச் சாப்பிடும் பண்டம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் அப்பளம் நட்டம்.

கலவைக்கணக்கு | 2 செப்டம்பர், இரவு 10:31

இலைமுனைக்கு: பழக்கம் ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் நாக்கில் நடப்பதும் ஒன்று இருக்கிறது. சிறிதளவு உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும், கசப்பை அமுக்கும். வெல்லத்தில் எப்போதும் மெல்லிய கசப்பும் தாது ருசியும் உண்டு. பப்படத்தின் உப்பு அந்தக் கசப்பை மறைப்பதால் அதே வெல்லம் இன்னும் இனிப்பாகத் தெரியும். இனிப்புக் கடையில் பாகில் ஒரு சிட்டிகை உப்பு போடுவதும் இதற்குத்தான்.

இன்னொன்று, தேங்காய்ப்பாலும் நெய்யும் நாக்கில் படலமாக ஒட்டும். மூன்றாவது வாயிலேயே ருசி மழுங்கிவிடும். மொறுமொறுப்பான ஒன்றைக் கடித்தால் மெல்ல வேண்டியிருக்கிறது, எச்சில் ஊறுகிறது, படலம் கழன்றுவிடும். பாயசத்துக்கு நடுவே ஊறுகாயைத் தொட்டு நக்குகிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

பால் பாயசத்துக்கு ஏன் ஆகாது? பப்படத்தில் காரம் (சோடா உப்பு வகை) சேர்க்கிறார்கள். வெல்லத்தின் கனத்த மணத்தில் அதன் வாடை அடங்கிவிடும். வெறும் பாலும் சர்க்கரையும் மட்டும் இருக்கும் இடத்தில் சோப்பு மாதிரி தலைதூக்கும்.

இலைமுனை | 3 செப்டம்பர், காலை 7:20

சரி, உப்புக் கதையை ஏற்கிறேன். பப்படம் நமுத்துப் போவது? பந்திக்கு முன்கூட்டியே பொரித்துத்தானே வைக்கிறார்கள்?

நாஞ்சில் அடுப்படி | 3 செப்டம்பர், காலை 9:02

வைக்கிறார்கள், நமுத்தும் போகிறது. நல்ல சமையல்காரர் இலை போடும்போதுதான் பொரிப்பார். முன்கூட்டிப் பொரிக்க வேண்டுமென்றால் பொரிப்பதற்கு முன் வெயிலில் அரைமணி காய வைக்கவும். பாக்கெட்டிலிருந்து எடுத்த ஈரத்தோடு போட்டால் உப்பாது, எண்ணெய் குடிக்கும். மேலே ஒட்டியிருக்கும் அரிசி மாவைத் தட்டிவிட்டுப் போடவும்; தட்டாவிட்டால் மாவு எண்ணெயில் கருகி அடுத்த ஈட்டில் கரும்புள்ளியாக ஒட்டும்.

தேங்காயெண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துணுக்கு போட்டால் உடனே மேலே வர வேண்டும். போட்டு நாலைந்து விநாடியில் திருப்பி, இளம் பொன்னிறத்தில் எடுத்து, படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்கி எண்ணெய் வடிய விடவும். ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமுத்துவிடும்.

தவலைமணி | 3 செப்டம்பர், பகல் 12:48

பப்படத்தை விடுங்கள். வீட்டில் பாயசத்தை ஏன் திரிய விடுகிறார்கள் என்று பார்த்தால் பாதித் தகராறு தீரும். திரிந்த பாயசத்தில் எதைப் போட்டாலும் ருசிக்காது.

பசும்பாலில் வெல்லம் போட்டால் திரியும். வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பும் உப்புகளும் இருக்கின்றன, கொதிக்கும் பாலில் அது விழுந்ததும் முறிகிறது. வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஆற வைக்க வேண்டும். பாலையும் அடுப்பிலிருந்து இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்த பின் மறுபடி கொதிக்க விடக் கூடாது.

நாஞ்சில் அடுப்படி | 3 செப்டம்பர், மாலை 5:15

தவலைமணி சொன்னது பசும்பாலுக்குச் சரி. பிரதமனில் வெல்லம் முதலிலேயே போகும், தேங்காய்ப்பால் அதன் மேல். அங்கே ஆபத்து வேறு. தலைப்பால் (முதலில் பிழியும் கெட்டித் தேங்காய்ப்பால்) விட்ட பிறகு கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

சிறுபருப்புப் பிரதமன், பத்துப் பன்னிரண்டு பேருக்கு:

சிறுபருப்பு 250 கிராம், வெல்லம் 450 கிராம், முற்றிய தேங்காய் 2. தலைப்பால் 250 மில்லி, இரண்டாம் பால் 750 மில்லி, மூன்றாம் பால் 1 லிட்டர். நெய் 75 கிராம். சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, வறுத்த சீரகப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 6.

பருப்பை நெய்யில் மணம் வரும்வரை வறுத்து மூன்றாம் பாலில் வேகவிடவும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் கரையக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் போச்சு: வெல்லம் விழுந்த பிறகு பருப்பு ஒரு இம்மியும் வேகாது. அடைப் பிரதமனிலும் இதே கதைதான். அடை நெத்துநெத்தென்று இருக்கிறதே என்று வெல்லத்தோடு இன்னும் அரைமணி கிண்டினாலும் அப்படியேதான் இருக்கும்.

வெந்ததும் வடிகட்டிய பாகும் நெய்யும் சேர்த்து, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை வரட்ட வேண்டும். பிறகு இரண்டாம் பால் விட்டு 10 நிமிஷம் கொதி. இறக்கிய பின் சுக்கு, சீரகம், ஏலம், கடைசியில் தலைப்பால். சீரகம் வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுவார்கள். பப்படத்தோடு சாப்பிடப் போகிறவர்கள் விடாதீர்கள், இரண்டையும் இணைப்பதே அந்தச் சீரக மணம்தான்.

இன்னொரு குறிப்பு: இலையில் விடும் பிரதமன் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ஆறும்போது இறுகும். அடுப்பிலேயே சரியாக இருந்தால் இலையில் களி.

தாமிரபரணிக்கரை | 3 செப்டம்பர், இரவு 8:33

அல்வாவையும் மிக்சரையும் இழுத்ததுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலியில யாரும் அல்வாக்குள்ள மிக்சரைப் போட்டுப் பிசையறதில்ல. சுடச்சுட அம்பது, நூறு கிராம் அல்வா இலைத்துண்டுல வாங்கி முழுங்கினதுக்கு அப்புறம் ஒரு பிடி மிக்சர். முறை அவ்வளவுதான். அல்வா பல்லுல படாம வழுக்கிப் போற பண்டம், மிக்சர் கடிக்கிற பண்டம். ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் கெடும்.

அதுக்கு மிக்சர் காரமா இருக்கணும். சர்க்கரை தூவின வடநாட்டு மிக்சர் வேலைக்காகாது. காராச்சேவு இன்னும் நல்லது, மிளகு போட்டதா இருந்தா.

இலைமுனை | 3 செப்டம்பர், இரவு 9:10

அப்போது அது ஜோடியே இல்லை, அடுத்தடுத்து சாப்பிடுவது. என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அடை-வெல்லம்?

தவலைமணி | 4 செப்டம்பர், காலை 6:55

அடை-வெல்லம்-வெண்ணெய். மூன்றாவதை விட்டுவிட்டுக் கேட்கிறீர்கள். வெண்ணெய் இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி, வெறும் காரத்தின் மேல் இனிப்பு.

மாவு: புழுங்கலரிசி 2 கப், கடலைப்பருப்பு 1 கப், துவரம்பருப்பு முக்கால் கப், உளுந்து கால் கப், வரமிளகாய் 8, பெருங்காயம். மூன்று மணி நேரம் ஊறினால் போதும். கொரகொரவென்று ரவைப் பதத்துக்கு அரைக்க வேண்டும். தோசை மாவு மாதிரி நைசாக அரைத்தால் அடை ரப்பராகும். புளிக்கவும் விடக் கூடாது. புளித்த மாவும் வெல்லமும் சேராது. வெங்காயம் போட்ட அடைக்கும் வெல்லம் வேண்டாம், அதற்கு அவியல்.

கல்லில் தடிமனாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிஷம். ஓரம் முறுகிச் சிவக்க வேண்டும். வெல்லத்தைப் பொடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். அடையின் மேலேயே தூவினால் சூட்டில் உருகி மொறுமொறுப்பைத் தின்றுவிடும். உப்பில்லாத வெள்ளை வெண்ணெய்தான். கடை மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருந்தால் அடையில் உப்பைக் குறைக்கவும்.

உப்புமூட்டை | 4 செப்டம்பர், காலை 8:14

மாவு புளிக்கக் கூடாது, வெங்காயம் கூடாது, மேலே தூவக் கூடாது. அடை சாப்பிட இத்தனை சட்டமா? எங்கள் தெருவில் அடைக்குச் சீனி.

தவலைமணி | 4 செப்டம்பர், காலை 8:40

சீனி போட்டால் இனிப்பு மட்டும் வரும், மணம் வராது. உங்கள் தெரு, உங்கள் பாடு.

பனைவெளி | 4 செப்டம்பர், இரவு 11:26

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். இனிப்போட உப்பைச் சேர்க்கிறதே இவ்வளவு பெரிய கதையெண்டால், நண்டோட பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் ஒரே பானையில போற ஒடியல் கூழுக்கு என்ன சொல்லுவியள்?

ஒடியல் எண்டால் பனங்கிழங்கைப் பச்சையாக் கிழிச்சு வெயிலில காயவிட்டது. அவிச்சுக் காயவிட்டால் அது புழுக்கொடியல், சும்மா கடிச்சுத் தின்னுறதுக்கு. கூழுக்குப் பச்சை ஒடியலை இடிச்ச மா வேணும். மாத்திப் போட்டால் கூழ் தடிக்காது.

ஆறு பேருக்கு: ஒடியல் மா 200 கிராம். நண்டு 4, இறால் 250 கிராம், முள்ளுக் குறைஞ்ச மீன் அரைக் கிலோ, மீன் தலை ஒண்டு. ஒரு பிடி அரிசி, பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை. செத்தல் (காய்ஞ்ச) மிளகாய் 15, மஞ்சள், பூண்டு, தேசிக்காய் (எலுமிச்சை) அளவு பழப்புளி.

முதல் வேலை மாவை ஊறவிடுறது. நிறையத் தண்ணியில கரைச்சு ஒரு மணித்தியாலம் விட்டு, மேல தெளிஞ்ச தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணி விடோணும். ரெண்டு மூண்டு தரம். இதை விட்டால் கூழ் கசக்கும், பிறகு எந்தப் புளியாலும் அதை மறைக்கேலாது.

அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி முதல்ல வேகோணும். மரவள்ளியை மூடாமல் அவியவிடுங்கோ. அதுக்குப் பிறகு நண்டும் மீன் தலையும், பிறகு மீன், கடைசியா இறால். மிளகாயையும் மஞ்சளையும் அரைச்சுப் புளியில கரைச்சு விட்டு, எல்லாம் வெந்த பிறகுதான் ஒடியல் மாக் கரைசல். விட்ட உடன தடிக்கத் துவங்கும், கை விடாமல் துழாவோணும். அடிப்பிடிச்சால் முழுப் பானையும் புகை மணக்கும். முருங்கையிலையைப் போட்டு இறக்கிறதுதான்.

பிலாவிலையைக் கோலிக் குடிக்கிறது. பக்கத்தில தேங்காய்ச் சொட்டு (சின்னத் தேங்காய்த் துண்டு), இடைக்கிடை கடிக்க. பப்படம் செய்யிற வேலையைத்தான் இங்க தேங்காய்ச் சொட்டு செய்யுது எண்டு நினைக்கிறன்.

கலவைக்கணக்கு | 5 செப்டம்பர், காலை 7:48

தேங்காய்ச் சொட்டு கடிக்கக் கிடைக்கிறது, அது சரி. ஆனால் உப்பு தருவதில்லை, எல்லாம் அதே வேலை இல்லை. கூழில் உப்பும் உறைப்பும் ஏற்கெனவே தூக்கல். தேங்காயின் இனிப்பும் கொழுப்பும் உறைப்பைத் தணிக்கிறது. மிளகாயின் உறைப்பு நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தண்ணீர் குடித்து ஆறாத வாய் தேங்காயைக் கடித்தால் ஆறுவது அதனால்.

மரவள்ளியை மூடாமல் வேகவைப்பது வெறும் ஐதீகம் இல்லை. அதில் சயனைடு தரும் பொருள் உண்டு, கசப்பு வகையில் அதிகம். தோலைச் சுத்தமாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்தால் அது ஆவியோடும் தண்ணீரோடும் போகும். கூழில் அந்தத் தண்ணீர் பானையிலேயே நின்றுவிடுகிறது. தனியே ஒரு கொதி வேகவைத்து வடித்துச் சேர்ப்பது நல்லது.

பனைவெளி | 5 செப்டம்பர், இரவு 10:02

இனிப்பு மரவள்ளிதான் கூழுக்குப் போடுறது. எண்டாலும் வடிச்சுப் போடுறதில பிழை ஒண்டுமில்லை, ருசி குறையாது.

உங்கட பாயசப் பழத்துக்கு எங்கட பக்கம் புட்டும் மாம்பழமும். கறுத்தக்கொழும்பான், நல்லாப் பழுத்தது. அரிசிமாப் புட்டு சூடா இருக்கேக்க மாம்பழத்தைப் பிழிஞ்சு குழைக்கிறது, விரும்பினால் கொஞ்சம் சீனி. மா வறுபடாட்டி ஈரப்பிடிப்பு வந்து களியாப் போகும், அந்தப் புட்டோட பழம் சேர்த்தால் கஞ்சி. இடியப்பத்தோட குழைக்காதேங்கோ.

தட்டுவடை | 6 செப்டம்பர், மாலை 4:37

சேலத்துக்காரங்களை யாரும் கூப்பிடலைங்களே. ஒரு நிமிஷத்துல சாப்பிட வேண்டிய பண்டம்னா அது தட்டுவடை செட்டுதாங்க.

சின்னத் தட்டுவடை ரெண்டு. கீழ் வடைல ஒரு பக்கம் சிவப்புச் சட்னி (பூண்டு, வரமிளகாய்), இன்னொரு பக்கம் பச்சைச் சட்னி (புதினா, கொத்தமல்லி). மேல துருவின கேரட், பீட்ரூட், பொடியா நறுக்கின வெங்காயம், மாங்காய்க் காலத்துல மாங்காய்த் துருவல். மேல இன்னொரு வடையை வச்சு மூடி முழுசா வாய்ல.

வீட்ல செஞ்சா ரெண்டு எடத்துல சொதப்பும். சட்னி தண்ணியா இருந்தா வடை நமுத்துடும், தண்ணி விடாம கெட்டியா அரைக்கணும். பீட்ரூட்டைத் துருவி அப்படியே வச்சா சாறு விட்டு எல்லாம் சிவந்துடும். ஒரு கை பிழிஞ்சுட்டுப் போடுங்க. உப்பைத் துருவல்ல போடாதீங்க, சட்னியிலயே இருக்கட்டும். உப்பு பட்ட காய்தான் தண்ணி விடும்.

உப்புமூட்டை | 6 செப்டம்பர், மாலை 5:00

சேலம் செட்டு வந்துவிட்டது, சென்னை அத்தோவைச் சொல்ல ஆளில்லையா? பாரிமுனை பக்கம் பீச் ஸ்டேஷன் எதிர்த் தெருவில் கையால் பிசைந்து கொடுக்கிறார்களே, அதைக் கண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கலவைக்கணக்கு | 6 செப்டம்பர், இரவு 9:44

அத்தோ பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஓடுகிறவர்கள் சொல்வது ஆறிப்போன நூடுல்ஸ் என்பதுதான். அது ஆறியே இருக்க வேண்டும், சூடாகக் கேட்பதுதான் தப்பு.

தடித்த நூடுல்ஸ் 200 கிராமை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு கரண்டி வெங்காயம் பொரித்த எண்ணெய் விட்டுப் பிசிறி வைக்கவும். இந்த எண்ணெய்தான் அத்தோவுக்கு உயிர். புது எண்ணெய் விட்டால் வெறும் மாவு ருசி. அதோடு நூல் நூலாக நறுக்கிய முட்டைக்கோசு, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, இடித்த வரமிளகாய், கெட்டிப் புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, கொத்தமல்லி. கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறு வட்டத்தை நொறுக்கிப் போட வேண்டும். (பாருங்கள், இங்கேயும் அப்பளம் நொறுக்குகிறார்கள்.) கரண்டியால் கிளறினால் புளி ஒரே இடத்தில் நிற்கும். கையுறை போட்டாவது கையால்தான் பிசைய வேண்டும்.

கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். ஆறிய நூடுல்சுக்கு அதுதான் ஈடு.

இலைமுனை | 7 செப்டம்பர், காலை 7:05

வேண்டியதைத் தின்கிறீர்கள், சரி. வேண்டாததைச் சொல்லுங்கள். மீனும் தயிரும் சேர்த்தால் வெண்குஷ்டம் வரும் என்பது?

கலவைக்கணக்கு | 7 செப்டம்பர், மாலை 6:20

வராது. வெண்புள்ளி (குஷ்டம் என்பது தவறான பேர், தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை) உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறச் செல்களையே அழிப்பதால் வருவது, சாப்பாட்டால் அல்ல. வங்காளத்தில் தயிரில் மீன் சமைப்பது அன்றாட விஷயம். தோய் மாச் என்பார்கள்.

ஆனால் மீனும் மோரும் சாப்பிட்டுத் தடிப்பும் அரிப்பும் வந்ததாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வைத்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட சில நிமிஷங்களில் இருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, அரிக்கும். சமைத்தாலும் வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பழி மோரின் மேல் விழுகிறது. மீனை வாங்கியதிலிருந்து ஐஸில் வைத்தால் தயிர் ஒன்றும் செய்யாது. மூச்சு முட்டினால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு.

தோய் மாச் செய்ய நினைத்தால்: கட்லா அல்லது ரோகு அரைக் கிலோ, புளிக்காத கெட்டித் தயிர் 200 கிராம். தயிரில் ஒரு தேக்கரண்டி கடலைமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பை முழுக்கக் குறைத்த பிறகே ஊற்றவும். மாவில்லாமல் ஊற்றினால் தயிர் முறிந்து தண்ணீரும் திப்பியுமாக நிற்கும்.

தவலைமணி | 7 செப்டம்பர், இரவு 8:12

தயிர் என்றதும்: அன்னாசிப் பச்சடி ஒரு மணி நேரத்தில் கசக்கிறதே, அது ஏன்? தயிர் புளித்ததாலா?

கலவைக்கணக்கு | 7 செப்டம்பர், இரவு 8:50

புளிப்பில்லை. பச்சை அன்னாசியில் புரதத்தை வெட்டும் நொதி உண்டு. தயிர்ப் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறது, அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். பப்பாளிக்காயிலும் இதே விவகாரம்.

நாஞ்சில் அடுப்படி | 8 செப்டம்பர், காலை 6:30

அதனால்தான் அன்னாசியைப் பச்சையாகப் போடுவதில்லை. பொடியாக நறுக்கி, மஞ்சள், மிளகாய்ப்பொடி, உப்பு, ஒரு துண்டு வெல்லம் போட்டு மூழ்கும் தண்ணீரில் வேகவைத்து வற்ற விடுவோம். முழுக்க ஆறிய பின் தயிர்.

கசப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, கவனியுங்கள். தேங்காயோடு அரைக்கும் கடுகு. தேங்காயும் பச்சை மிளகாயும் நன்றாக அரைந்த பிறகு கடைசிச் சுற்றில் அரைத் தேக்கரண்டி கடுகைப் போட்டு ஒன்றிரண்டாக நசுக்கி எடுக்க வேண்டும். முதலிலேயே போட்டு மையாக அரைத்தால் கடுகே கசக்கும். பழத்தின் மேல் பழி போடுவதற்கு முன் அரைத்த விழுதை நக்கிப் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை | 8 செப்டம்பர், பகல் 1:19

ஈசல் பத்தி யாரும் வாயே திறக்கலியே. மழை விட்ட சாயங்காலம் புத்துலருந்து கிளம்புமே, அது.

வெளக்கு வச்சு அதுக்கடியில அகலமான பாத்திரத்துல தண்ணி. விழுந்ததை வடிச்சு, எண்ணெய் விடாம மண்சட்டியில மிதமான தீயில வறுக்கணும். அதுலயே எண்ணெய்ச் சத்து இருக்கு, அதுவே விடும். றெக்கை சட்டியிலயே உதிர்ந்திரும், முறத்துல புடைச்சா பறந்துரும். ஒரு வெயில் காயவச்சு, ஒரு பங்கு ஈசலுக்கு மூணு பங்கு பொரியும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் கலந்துக்கிடணும். ஈசலைத் தனியா அள்ளித் தின்னா திகட்டும், வயித்தையும் புடிக்கும்.

டவுன்ல தெருவெளக்குல விழுறதை எடுக்காதீங்க. கரையானுக்கு மருந்தடிச்ச வீட்டு ஈசலா இருந்தா ஆபத்து.

கலவைக்கணக்கு | 8 செப்டம்பர், பகல் 2:05

ஒரு எச்சரிக்கை: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலைத் தொட வேண்டாம். ஒவ்வாமை தரும் புரதம் இரண்டிலும் ஒரே மாதிரி.

இலைமுனை | 8 செப்டம்பர், இரவு 9:30

நான் ஆரம்பித்தது பாயசம், நிற்பது கரையான் புற்றில். அப்பளத்துக்கு என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன், பால் பாயசத்தைத் தவிர. தயிர்சாதம்-மாம்பழம் மட்டும் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

தவலைமணி | 9 செப்டம்பர், காலை 7:11

பிசையாமல் இருந்தால் நிரூபணம் வேண்டியதில்லை. நாரில்லாத, கொஞ்சம் கெட்டியான பங்கனபள்ளியைப் பெரிய துண்டாக நறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். சாதத்தில் கலந்து வைத்தால் பழம் தண்ணீர் விட்டு மோர்சாதமாகிவிடும். சாதம் புளிக்கக் கூடாது: ஒரு கப் அரிசிச் சாதத்தைக் குழைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒன்றரைக் கப் பால், உறைமோர் மாதிரி மூன்று தேக்கரண்டி தயிர் மட்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் சாதமே தயிராகும். கடுகும் இஞ்சியும் தாளிக்கலாம். பழம் வைக்கும் அன்று பெருங்காயம் வேண்டாம்.

உப்புமூட்டை | 9 செப்டம்பர், காலை 7:45

பெருங்காயமில்லாத் தயிர்சாதத்துக்கு எங்கள் தெருவில் தடை.

தட்டுவடை | 9 செப்டம்பர், மாலை 6:02

பால் பேச்சு வந்ததால கேக்கறேனுங்க. சீம்பால் கட்டியாகாம தண்ணியா நிக்குது, ஏன்? வெல்லம் போட்டு இட்லிப் பானையில அரைமணி வெச்சும் ஆகலை.

தவலைமணி | 9 செப்டம்பர், இரவு 8:27

கன்று போட்டு எத்தனையாவது நாள் பால் என்று கேளுங்கள். முதல் நாள் பாலில் சூட்டில் உறையும் புரதம் ஏராளம். ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு சாதாரணப் பால் கலந்தால்தான் மெத்தென்று வரும், கலக்காவிட்டால் ரப்பர். இரண்டாம் நாள் பாலுக்கு அரைப் பங்கு போதும். மூன்றாம் நாளுக்கு எதுவும் கலக்காதீர்கள். நான்காம் நாள் பால் எத்தனை நேரம் வைத்தாலும் கட்டியாகாது, திரட்டுப்பாலாகக் கிண்டிவிடுங்கள்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, முழுக்க ஆறியபின் சேர்க்கவும். சூட்டோடு விட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாக உறையும். கிண்ணத்துக்கு மூடி போட வேண்டும், இல்லையென்றால் ஆவி நீர் சொட்டி மேலே குழி குழியாகும். 15 முதல் 20 நிமிஷம், கத்தி நுனி ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். எருமைச் சீம்பால் என்றால் பால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலக்கவும்.

தட்டுவடை | 9 செப்டம்பர், இரவு 9:01

நாலாம் நாள் பாலுதானுங்க. திரட்டுப்பாலுக்கே போட்டுடறேன்.